பானைக்குப் பெல்ற் போட்ட கார்

காலை ஐந்து ஐம்பதுக்கு அண்ணை என் பிள்ளையின் பேபி சீற்றைக் காரிலிருந்து கழற்றி முற்றத்தில் வைத்தார். எல்லாம் பிழையாகத் தொடங்கியது அப்போதுதான். நான் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டு நின்றேன். வாய் நிறைய நுரை. துப்பிவிட்டு ஓடி வருவதற்குள் அவர் சீற் இருந்த இடத்தை ஈரத்துணியால் துடைக்கத் தொடங்கியிருந்தார்.

"அண்ணை, உதை ஏன் கழட்டுறியள்?"

"ஆள் கூடிப் போச்சு பிள்ளை. பவளமக்காவும் வாறா."

பவளமக்கா பக்கத்து வீட்டுக்காரி. தலை முழுகி, ஈரக் கூந்தலை நுனியில் முடிந்து, கையில் பூக்கூடையோடு படலையடியில் நின்றா. அவவை யாரும் வரச்சொல்லவில்லை. ஆனால் கோயிலுக்கென்று தோய்ந்து வெளிக்கிட்டு வந்த ஆளை விட்டுவிட்டுப் போகிற வழக்கம் எங்கள் ஊர் அச்சுவேலியில் இல்லை. பிள்ளையின் சீற்றை விட்டுவிட்டுப் போகலாம். அதற்குத் தடை ஒன்றும் இல்லை.

நாங்கள் நோர்வேயில், பேர்கன் நகரத்தில் இருக்கிறோம். நான் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். மூன்று பிள்ளைகள். மூத்தவள் மிதுஷாவுக்குப் பதின்மூன்று வயது, அடுத்தவள் அனுஜாவுக்கு எட்டு. கடைக்குட்டி ஆரூரன் என் நாற்பத்து நாலாவது வயதில் யாரும் எதிர்பாராமல் வந்து பிறந்தவன். அவன் வயிற்றில் இருந்தபோது எனக்கு இரத்தம் போய், நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த நாட்களில், அண்ணை தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகனுக்கு நேத்தி வைத்துவிட்டார்: பிள்ளை சுகமாய்ப் பிறந்தால் முதல் முடி அங்கே இறக்கிப் பொங்கல் பொங்குவது. நேத்தி வைத்தது அவர். ஒன்பது மாதப் பிள்ளையோடு கடல் தாண்டி வந்து நிறைவேற்ற வேண்டியது நாங்கள். அதில் எனக்குக் கோபம் இல்லை. கோபம் மற்றதெல்லாவற்றிலும்.

புறப்படுவதற்கு முன் எங்கள் வீட்டில் மாதக்கணக்காக ஒரே சண்டை. எங்களிடம் இரண்டு கார்கள் இருக்கின்றன. நான் வேலைக்குக் கொண்டுபோகும் சாம்பல் நிறக் காரில் பின்னுக்கு இரண்டே இரண்டு பேர் இருக்கலாம். என் கணவர் சுதன் ஓடும் சிவப்புக் காரில் மூன்று பேர் இருக்கலாம் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. நான் அளவு நாடாவால் அளந்து பார்த்தேன். பேபி சீற் ஒன்றும் இரண்டு பெண் பிள்ளைகளும் அந்த அகலத்துக்குள் அடங்கமாட்டார்கள். இரண்டையும் கொடுத்துவிட்டு ஒரு பெரிய வாகனம் எடுப்போம் என்று நான் சொல்ல, "ரெண்டு கார் இருக்குத்தானே, பிள்ளையளைப் பிரிச்சு ஏத்தினால் சரி. சும்மா பதறாதையும்" என்று அவர் சொல்ல, கடைசியில் ஊருக்குப் போய் வந்து முடிவெடுப்போம் என்று தள்ளிவைத்தோம். பதறுகிறவள் என்ற பட்டத்தோடுதான் நான் விமானம் ஏறினேன்.

முதல் நாள் யாழ்ப்பாணம் புகையிரத நிலைய வாசலில் அண்ணையின் சின்னக் காருக்குள் பேபி சீற்றைப் பூட்ட நான் பட்ட பாட்டைப் பார்க்க ஓட்டோக்காரர்கள் நாலு பேர் கூடிவிட்டார்கள். பிள்ளை பின்பக்கம் பார்த்தபடி இருக்கும் சீற் அது. ஒருவன் குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, பிள்ளைக்கு ரோட்டைக் காட்டாமல் திருப்பி வைச்சிருக்கிறியள், ஏதும் கோவமோ?" என்றான். மற்றவன், "உது பிளேனிலை கழட்டினதடா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சுதனும் சிரித்தார். எனக்கு வியர்த்து வழிந்தது.

இரண்டாம் நாள் மயிலிட்டித் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போனோம். அண்ணையும் நானும் சின்னவர்களும் காரில். சுதனும் மூத்தவளும் அண்ணையின் மோட்டார் சைக்கிளில். வழியில் எங்களை முந்திக்கொண்டு இன்னொரு மோட்டார் சைக்கிள் போனது. தகப்பன், அவருக்கு முன்னால் பெற்றோல் தாங்கியில் ஒரு பிள்ளை, பின்னால் இரண்டு பிள்ளைகள், கடைசியில் தாய், அவளுடைய தோளில் ஒரு கைக்குழந்தை. தகப்பனுக்கும் தாய்க்கும் ஹெல்மெட் இருந்தது. பொலிஸ் அவர்களைத்தானே மறிக்கும். குழந்தையின் தலை ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒருமுறை ஆடியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். துறைமுகத்தில் இறங்கியதும் சுதனிடம் சொன்னேன். "இஞ்சை எல்லாரும் உயிரோடைதானே இருக்கினம்" என்றார். இருக்கிறவர்களைத்தானே பார்க்கிறீர்கள், இல்லாதவர்களை எங்கே போய்ப் பார்க்கப்போகிறீர்கள் என்று கேட்டேன். அதற்குள் அவர் கணவாய் விலை கேட்கப் போய்விட்டார்.

கணவாய்க் கறி நல்லாய்த்தான் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். என் அண்ணையின் மனைவி, என் மச்சாள், முருங்கையிலை போட்டு, தேங்காய்ப்பால் குறைத்து, உறைப்புக் கூட்டிச் சமைத்தா. புட்டோடு பிள்ளைகள் இரண்டு பேரும் மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிட்டார்கள். பின்னேரம் அச்சுவேலிச் சந்தைப் பக்கத்து பேக்கரியிலிருந்து சூடாக மீன் பணிஸ் வந்தது. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வந்தது. ஆரூரன் ஒரு மாங்கொட்டையைச் சூப்பிச் சட்டையெல்லாம் மஞ்சளாக்கினான். மச்சாள் அவனைத் தூக்கிய கையால் இறக்கவேயில்லை. இரவு நித்திரைக்கு மட்டும்தான் எனக்குத் தந்தா. அவ்வளவு ஆசை. அந்த ஆசையோடுதான் மூன்றாம் நாள் சொன்னா:

"பாவம், பிள்ளையைக் காருக்குள்ளை கட்டிப்போட்டு வைச்சிருக்கிறியள் வாணி. மடியிலை இருந்தால் பயமும் இராது, அழவும் மாட்டான். எங்கடை கையை விடவோ உந்தப் பிளாஸ்ரிக்?"

நான் விளக்கினேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு விளக்குவதுபோல விளக்கினேன். வேகமாய்ப் போகிற கார் சடுதியாய் நின்றால் மடியில் உள்ள பிள்ளை நிற்காது, அதே வேகத்தில் போகும், அந்தப் பாரத்தை எந்த மனிதக் கையாலும் பிடிக்க ஏலாது என்று. மச்சாள் பொறுமையாய்க் கேட்டுவிட்டு, "உங்கடை அண்ணை வேகமா ஓடமாட்டார்" என்றா.

இனி அண்ணை சீற்றைக் கழற்றிய அந்த வெள்ளிக்கிழமைக் காலைக்கு வருகிறேன்.

கணக்கு இதுதான். அண்ணை, மச்சாள், பவளமக்கா, நான், சுதன், பிள்ளைகள் மூன்று பேர். சுதனும் மிதுஷாவும் மோட்டார் சைக்கிளில் முன்னுக்குப் போய்விட்டார்கள், முடி இறக்குகிறவருக்குச் சொல்லிவைக்க. மிச்சம் ஆறு பேர். "ஒரு ஓட்டோ பிடிப்பம் அண்ணை, நானும் பவளமக்காவும் அதிலை வாறம், சீற் காரிலை இருக்கட்டும்" என்றேன்.

அண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது. "வாசல்லை காரை வைச்சுக்கொண்டு ஓட்டோ பிடிக்கிறதோ? சனம் என்ன கதைக்கும்? வெளிநாட்டிலை இருந்து வந்த தங்கச்சியைக் காரிலை ஏத்தேல்லை எண்டெல்லே சொல்லும்."

"அப்ப நான் முன்னுக்கு இருக்கிறன். பின்னுக்குச் சீற்றும் இவையும் இருக்கட்டும்."

"முன்னுக்குப் பானை."

நான் எட்டிப் பார்த்தேன். முன் இருக்கையில் புது மண்பானை. கழுத்தில் மஞ்சள் இலையும் இஞ்சி இலையும் சுற்றி, வெள்ளைத் துணி விரித்து, நடுவில் வைத்து, அதற்குக் குறுக்கே சீற் பெல்ற்றை இழுத்துக் கொளுவியிருந்தார். இழுத்துப் பார்த்துச் சரிபார்த்தும் விட்டார்.

"அண்ணை, பானைக்குப் பெல்ற் போட்டிருக்கிறியள்."

"பின்னை? பொங்கப் போற பானை வழியிலை உடைஞ்சால் நேத்தி பிழைச்சுப் போகும். கால்மாட்டிலையும் வைக்க ஏலாது."

பவளமக்கா ஏறிக்கொண்டே, "முன்சீற்றிலை பெல்ற் இல்லாட்டில் பொலிசும் மறிப்பாங்கள் பிள்ளை" என்று பகிடி விட்டா. எல்லோரும் ஏறியாகிவிட்டது. நல்லநேரம் போகிறது என்று அண்ணை ஹோர்ன் அடித்தார். சந்நிதியில் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். அன்று நான் அந்தக் கோயிலுக்குப் போய்ச் சேராமலே வாயைக் கட்டிக்கொண்டேன். அனுஜா ஒரு பக்கக் கதவோடு, நான் அவளுக்குப் பக்கத்தில், பவளமக்கா மற்றக் கதவோடு, நடுவில் மச்சாள். "தாங்கோ வாணி, நீங்கள் நெரிபட்டுப்போய் இருக்கிறியள்" என்று மச்சாள் ஆரூரனை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டா.

அண்ணை உண்மையில் வேகமாய் ஓடவில்லை. அச்சுவேலி தாண்டி, வீடுகள் முடிந்து, இரண்டு பக்கமும் வெளி திறக்கும் இடம். காற்றில் உப்பு மணக்கத் தொடங்கியது. அண்ணை கண்ணாடிக்குள்ளால் எங்களைப் பார்த்து, திரும்பி வரும்போது பாலத்தடியில் இறால் வாங்குவோமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். வடலிக் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கட்டாக்காலி மாடு வீதிக்கு வந்தது. பிறேக் அடித்தார். கார் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுபோய், முன் சில்லு வீதியோரக் கானுக்குள் இறங்கி, சரிந்து நின்றது.

என் நெற்றி முன் இருக்கையில் அடித்தது. அனுஜா கத்தினாள். மச்சாளின் இரண்டு கைகளும் முன்னுக்கு நீண்டபடி இருந்தன. அவற்றுக்குள் ஒன்றும் இல்லை.

ஆரூரன் முன் இருக்கைகள் இரண்டுக்கும் நடுவில், கியர் கம்பிக்குக் கீழே, முகம் குப்புறக் கிடந்தான்.

அவன் அழவில்லை. அது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, அதைப் பற்றி எழுதவும் மாட்டேன். பிறகு அழுதான். நான் தூக்கினேன். நெற்றியில், வலது பக்கம், என் கண்ணெதிரே வீக்கம் எழும்பியது. மச்சாள் நீட்டிய கைகளை மடக்காமலே, "நான் இறுக்கித்தான் பிடிச்சனான், இறுக்கித்தான் பிடிச்சனான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னா. அண்ணை மாட்டைத் திட்டினார். பவளமக்கா முன் இருக்கையை எட்டிப் பார்த்து, "முருகா, பானைக்கு ஒண்டும் நடக்கேல்லை" என்றா. கையில் பிள்ளை இல்லாவிட்டால் அந்தப் பானையை அந்த இடத்திலேயே போட்டு உடைத்திருப்பேன்.

வீதியில் நின்றோம். ஆரூரன் ஒருமுறை சத்தி எடுத்தான். அழுகை குறைந்து, கண் சொருகத் தொடங்கியது. தலையில் அடிபட்ட பிள்ளை நித்திரை கொள்ளப் பார்க்கிறது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அண்ணை அம்புலன்சுக்கு அடித்தார், வருகிறோம் என்றார்கள். நான் சுதனுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. சந்நிதியில் ஆண்கள் மேற்சட்டை கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். சட்டை மோட்டார் சைக்கிளில் சுற்றி வைத்திருக்கும், போன் சட்டைக்குள் இருக்கும். வழியால் வந்த ஓட்டோ ஒன்று, ஆட்கள் நிறைந்து, மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனது.

அம்புலன்சுக்கு முதல் வந்தது மயிலிட்டிப் பக்கமிருந்து மீன் ஏற்றி வந்த லொறி. சாரதி தலையை வெளியே நீட்டினான். முப்பது வயது இருக்கும். கண்ணாடியில் செபமாலை தொங்கியது.

"என்ன, பிள்ளைக்கோ? ஏறுங்கோ அக்கா. மீன் மணக்கும், குறை நினையாதேங்கோ."

நானும் அனுஜாவும் முன்னுக்கு ஏறினோம். வேறு ஆளுக்கு இடமில்லை. அவன் லொறியை எடுக்கும்போதே காரைத் திரும்பிப் பார்த்தான். மச்சாளும் பவளமக்காவும் இறங்கி நின்றார்கள், அண்ணை கானுக்குள் நின்றார்.

"உந்தக் காருக்குள்ளையோ இத்தினை பேரும் வந்தனீங்கள்? நான் மீனையே உப்பிடி அடையிறேல்லை அக்கா."

எனக்கு அவனை அடிக்கவும் தோன்றியது, கட்டிப்பிடித்து அழவும் தோன்றியது. வழியில் அவனுக்குப் போன் வந்தது. "முதலாளி, நான் ஆஸ்பத்திரிக்குப் போறன்... எனக்கில்லை... ஆரோ ஒரு பிள்ளை... ஐஸ் கரைஞ்சால் வேறை ஐஸ் போடுங்கோ, என்னை ஏசாதேங்கோ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, "பிள்ளையோடை கதையுங்கோ அக்கா, நித்திரையாக விடாதேங்கோ" என்றான். நான் கதைத்தேன். என்ன கதைத்தேன் என்று தெரியாது. அனுஜா நோர்வேஜிய மொழியில் தம்பிக்குப் பாட்டுப் பாடினாள். ஒவ்வொரு பள்ளத்திலும் நான் அவனை நெஞ்சோடு அழுத்தினேன். மறுபடியும் மடியில்தான். வேறு வழி இருக்கவில்லை. அந்த நினைப்பே என்னை எரித்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒரு இளம் பெண். ஓடி வந்தா. மயங்கினவரோ, எத்தினை தரம் சத்தி எடுத்தவர், பால் குடிச்சவரோ என்று கேட்டுக்கொண்டே கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தா. ஸ்கான் எடுக்கக் கொண்டு போனார்கள். என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். அந்த வாங்கில் இருந்தபடி நான் என் அண்ணையை ஏசினேன், மச்சாளை ஏசினேன், பவளமக்காவின் ஈரக் கூந்தலை ஏசினேன், சனம் என்ன கதைக்கும் என்ற அந்த ஒரு கேள்வியை ஏசினேன். எல்லாம் வாய்க்குள்தான். சனம் கதைக்கட்டும். சனத்துக்குத் தலையோட்டில் வெடிப்பு வருமா?

வெடிப்பு இல்லை. உள்ளே இரத்தமும் இல்லை. டொக்டர் வந்து சொன்னா. நாளை வரை வைத்துப் பார்ப்போம், ஆனால் பயப்பட வேண்டாம் என்றா. ஆரூரன் கட்டிலில், நெற்றியில் கட்டோடு, என் விரலைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான். இந்த முறை அவனை நித்திரை கொள்ள விட்டார்கள்.

தாதி ஒருவர் காய்ச்சல் பார்க்க வந்தா. நடுத்தர வயது. எங்கிருந்து வந்தனாங்கள், எப்படி நடந்தது என்று கேட்டறிந்துவிட்டு, கட்டைச் சரி செய்தபடி சொன்னா: "இஞ்சை இருக்கிற சனம்தான் பிள்ளையளை மடியிலை வைச்சுக்கொண்டு திரியுதுகள் எண்டால், நோர்வேயிலையுமோ உப்பிடி?"

எனக்குச் சுரீர் என்றது. நிமிர்ந்து இருந்தேன். "இல்லை. அங்கை ஒருநாளும் இல்லை. எங்கடை காரிலை ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவற்றை இடம், அவரவற்றை பெல்ற். போடாமல் கார் வெளிக்கிடாது" என்றேன்.

கட்டிலின் கால்மாட்டில் இருந்த அனுஜா என்னைப் பார்த்தாள்.

"எனக்கு இல்லையே அம்மா."

"என்ன இல்லை?"

"அப்பான்ரை காரிலை. முன்சீற்றிலை அவற்றை வேலைச் சாமான், நாங்கள் மூண்டு பேரும் பின்னுக்கு, நான் நடுவிலை. தம்பின்ரை சீற் பெல்ற் கொளுவிற இடத்துக்கு மேலை இருக்கு. என்ரை பெல்ற் கொளுவ ஏலாது. நான் சும்மா மேலாலை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறனான்."

"எப்ப இருந்து?"

"தம்பி பிறந்ததிலை இருந்து. நீச்சலுக்குப் போகேக்கை. அக்காவைத் தோழி வீட்டை விடேக்கை. அப்பா சொன்னவர், கிட்டத்தானே, அம்மாட்டைச் சொன்னால் பதறுவா எண்டு."

தாதி காய்ச்சல் கம்பியை உதறிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனா. போனது நல்லது.

நான் ஒன்பது மாதத்தை எண்ணிப் பார்த்தேன். பேர்கனில் பாதி நாள் மழை. மலைச் சரிவில் வளைந்து வளைந்து போகும் வீதி. மாரியில் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி. அதில் ஒவ்வொரு கிழமையும் என் மகள் ஒரு பெல்ற்றைக் கையால் பிடித்துக்கொண்டு போய் வந்திருக்கிறாள். வீதிக்குக் குறுக்கே வரும் கட்டாக்காலி மாடு இல்லை அங்கே, அவ்வளவுதான் வித்தியாசம். இங்கே என் அண்ணை எல்லோர் முன்னிலையிலும், முற்றத்தில், பகல் வெளிச்சத்தில் சீற்றைக் கழற்றினார். அங்கே ஒருவர் எனக்குத் தெரியாமல் ஒரு பிள்ளையிடம் வாயைப் பொத்தச் சொல்லியிருக்கிறார். நான் அளவு நாடாவோடு திரிந்தபோது அவருக்கு விடை தெரியும். தெரிந்துகொண்டுதான் பதறாதையும் என்றார்.

அந்தக் கட்டிலடியிலேயே நான் முடிவெடுத்துவிட்டேன். சாம்பல் காரும் வேண்டாம், சிவப்புக் காரும் வேண்டாம். மூன்று பிள்ளைகளும் மூன்று பெல்ற் கொளுவியும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு வாகனம், அது கிடைக்கும் வரை பஸ்.

முதலில் வந்தது அண்ணை. ஓட்டோவில் வந்தார். வேட்டியெல்லாம் கான் சேறு. பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று போனில் சொல்லியிருந்தேன். ஆனாலும் கட்டைக் கண்டதும் அவருடைய வாய் கோணியது.

"நான் மாட்டைக் காணேல்லைப் பிள்ளை."

"மாட்டைப் பற்றி நான் கேக்கேல்லை அண்ணை."

"ஓம்" என்றார். "மச்சாள் வரமாட்டனெண்டிட்டா. உன்ரை முகத்திலை முழிக்க ஏலாதாம்." பிறகு சுவரோரம் போய், வெறும் நிலத்தில் குந்தி, தலையைக் கைகளுக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் போகவில்லை. ஆனால் அது இப்போது வரிசையில் இரண்டாவதாக நின்றது.

வெயில் ஏறிய பிறகுதான் சுதன் வந்தார். முடி இறக்குகிறவரை மறித்து வைத்துக்கொண்டு, நாங்கள் வழியில் யாரையோ பார்க்க நின்றுவிட்டோம் என்று நினைத்து, அன்னதான மடத்தடியில் மிதுஷாவோடு காத்திருந்தாராம். சட்டையைத் தேடி எடுத்தபோதுதான் நான் அடித்த அழைப்புகளைக் கண்டாராம். சட்டைப் பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது. நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்திருந்தது. கட்டிலுக்கு வந்தார். குனிந்து ஆரூரனின் காலை, கையை, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கியது. மிதுஷா என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். டொக்டர் சொன்னதை நான் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை. அனுஜா கட்டிலின் கால்மாட்டில் அசையாமல் இருந்து தகப்பனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுதன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். சுவரோரம் குந்தியிருந்த அண்ணையைப் பார்த்தார். அண்ணைக்கும் கேட்க வேண்டும், அந்த ஆஸ்பத்திரி வாட்டில் இருந்த எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்பதுபோலக் குரலை உயர்த்திச் சொன்னார்:

"எங்கடை காரிலை எண்டால் உப்பிடி ஒருநாளும் நடந்திராது."